தெரிந்தெடுத்தது யார்?

கடந்த தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு. பாட்ஸ்பியோர்ட் வீதியும் பெர்லேவோக் வீதியும் பிரிகிற மலைச்சந்தியில், தடைக்கம்பத்துக்கு முன்னால், மூன்று மணித்தியாலமாகக் காருக்குள் இருந்தோம். மாஸ்டர், கார்க்கார அண்ணை, நான்.

பெயர்கள் வேண்டாம். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வாழ்கிற மீன்பிடி ஊர் இது. யார் எந்த வேலைக்குப் போகிறார், யார் வீட்டில் இன்று என்ன குழம்பு என்பது தமிழர் எல்லோருக்கும் தெரியும். மாஸ்டர் ஒருகாலம் வடமராட்சியில் ரியூசன் கொடுத்தவர். எண்பதுகளின் கடைசியில் வந்து, மீன் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடம் மீன் வெட்டி, இப்போது ஓய்வூதியத்தில் இருக்கிறார். மெதடிஸ்த சபைக்காரர். அண்ணை இன்னமும் தொழிற்சாலையில்தான். கைகளை மீனுக்கும் ஐசுக்கும் கொடுத்துவிட்டு, காதுகளைப் பிரசங்கங்களுக்குக் கொடுத்திருப்பவர். நாலைந்து வருடங்களாகச் சீர்திருத்தச் சபைப் பிரசங்கிகளை ரெலிபோனில் கேட்டுக் கேட்டுக் கல்வினின் ஆளாகிவிட்டார். நான் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு சாப்பாட்டுக்கடையின் குசினியில் வேலை. கிழங்கு உரிப்பதில் தொடங்கி, கோப்பை கழுவி, இப்போதுதான் அடுப்படிக்கு வந்திருக்கிறேன்.

வாட்சோவில் ஒரு செத்தவீட்டுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். இறந்தவர் சின்ன வயதில் ஞாயிறு பள்ளிக்கூடத்தில் பரிசெல்லாம் வாங்கியவராம். 2009க்குப் பிறகு சேர்ச் பக்கம் போனதில்லை. ஏன் என்று கேட்டால், "அங்கை ஆருமில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார். கடைசிக் காலத்தில் குடியும் கூடிவிட்டது.

பனிப்புயல் அடிக்கும் நாட்களில் எங்கள் ஊருக்குத் தனியாக வாகனம் ஓட்டிப் போக விடமாட்டார்கள். தடைக்கம்பத்தை இறக்கிவிடுவார்கள். பனிதள்ளும் வண்டி வரும்வரை காத்திருந்து, அது முன்னால் போக, மற்ற வாகனங்கள் முன்வாகனத்தின் சிவப்பு லைற்றைப் பார்த்தபடி ஒன்றின்பின் ஒன்றாக ஊர வேண்டும். இங்கு அதைக் கொலோனே என்பார்கள். அன்று வண்டி வரத் தாமதமாகியது. காற்று காரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

"அந்தாளின்ரை ஆத்துமா என்ன பாடோ" என்று மாஸ்டர் பெருமூச்சு விட்டார்.

"அது உலகம் உண்டாக முதலே முடிஞ்ச காரியம் மாஸ்டர். தெரிந்துகொள்ளப்பட்டவரெண்டால் எப்பிடியும் கரைசேருவார். இல்லையெண்டால் நாங்கள் அழுதும் ஒண்டுமில்லை" என்றார் அண்ணை.

"என்ன கதை கதைக்கிறீர் ஐசே! அப்ப அந்தாளைப் படைச்சதே கொளுத்திறதுக்கோ?"

"நான் சொல்லேல்லை மாஸ்டர். ரோமர் ஒன்பதாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கோ."

"நீர் யோவான் மூண்டை எடுத்துப் பாரும். எல்லாருக்குமாத்தானே வந்தவர்? கதவைத் திறந்து வைச்சிருக்கிறார். உள்ளுக்குப் போறதும் விடுறதும் அவனவன்ரை சித்தம்."

"செத்த பிணம் கதவுக்குள்ளை நடந்து போகுமோ?"

மாஸ்டர் விடவில்லை. வெளியே கையைக் காட்டினார். "இந்தப் பனிவண்டி மாதிரித்தான் கிருபை. அது வராட்டி ஒருத்தரும் மலை ஏறேலாது. அதை நானும் ஒப்புக்கொள்ளுறன். ஆனால் அது வந்தாப் பிறகு நீர் காலை அமத்த வேணும். கார் தானாப் போகாது."

"கார் ஆர் தந்தது? பெற்றோல் ஆர் தந்தது? காலை அமத்த வேணுமெண்ட நினைப்பை ஆர் தந்தது?"

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "நீர் கம்பஸிலை மெய்யியல் படிச்சனீர். நீர் சொல்லும் பாப்பம்."

"ரெண்டாம் வருசத்தோடை விட்டிட்டன் மாஸ்டர்" என்றேன். இருவரும் சிரித்தார்கள். வண்டியின் மஞ்சள் லைற் தூரத்தில் தெரிந்தது. தடைக்கம்பம் எழும்பியது.

சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லாமல் இல்லை. ஆனால் அது கம்பஸில் படித்தது அல்ல. அம்மா ரெலிபோனில் சொன்ன ஒரு வசனமும், அதற்கு நான் கேட்ட ஒரு கேள்வியும். பதினைந்து வருடத்துக்கு மேலாக அதைக் காவிக்கொண்டு திரிகிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

*

வாசகர்களில் பலருக்கு இது வேலையற்றவர்களின் விவாதமாகத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. அடுத்த சில வாரங்கள் வேலை முடிந்து வந்து, இந்தக் கல்வின் யார், ஆர்மீனியஸ் யார் என்று தேடிப் படித்தேன். படித்தபோது முதலில் கண்ணில் பட்டது அவர்களுடைய கொள்கையல்ல, வாழ்க்கை.

ஜோன் கல்வின் ஓர் அகதி. பிரான்சில் புரட்டஸ்தாந்துக்காரரைப் பிடித்து எரிக்கத் தொடங்கியபோது நாட்டைவிட்டு ஓடியவர். 1536இல் தன் பெரிய நூலின் முதற்பதிப்பைப் பாசல் நகரத்தில் வெளியிட்டார். அந்த வருடமே, ஓரிரவு தங்கிப் போக வந்த ஜெனீவாவில் மறித்து வைக்கப்பட்டார். 1538இல் அங்கிருந்தும் துரத்தப்பட்டார். 1541இல் திரும்பக் கூப்பிட்டார்கள். அந்த நகரத்தையே ஆட்டிப்படைத்தவர் என்று சொல்லப்படுகிற இந்த மனிதருக்கு அங்கு குடியுரிமை கிடைத்தது 1559இல். ஐந்து வருடத்தில், 1564இல், இறந்துபோனார். அவருடைய சபையில் இருந்தவர்களில் பெருந்தொகையானோரும் வீடு வாசலை விட்டுவிட்டு ஓடிவந்தவர்கள்.

இப்படிப்பட்ட ஒருவர், இப்படிப்பட்டவர்களைப் பார்த்து, 'நீங்கள் கடவுளைத் தேடிப் போகவில்லை, அவர் உங்களை முன்னமே தெரிந்துகொண்டார், உங்களை எந்த ராசாவும் அவர் கையிலிருந்து பறிக்க முடியாது' என்று சொன்னால், அது கேட்டவர்களின் காதில் எப்படி விழுந்திருக்கும்? விசா இல்லாதவனுக்கு நிரந்தர வதிவிட அனுமதி கிடைத்தது மாதிரித்தான். ஆனால் அகதியாக இருந்தவன் எல்லாம் நல்லவனாக இருக்கவேண்டும் என்று விதியில்லை. 1553இல், தப்பியோடி வந்த சேர்வேட்டஸ் என்ற இன்னொரு மனிதனை, திரித்துவத்தை மறுத்தான் என்பதற்காக, ஜெனீவா நகரசபை உயிரோடு எரித்தது. குற்றஞ்சாட்ட முன்னின்றவர் கல்வின். எரிப்பதற்குப் பதிலாகத் தலையை வெட்டும்படி கேட்டதுதான் அவர் காட்டிய இரக்கம்.

யாக்கோபஸ் ஆர்மீனியஸ் ஓர் அனாதை. ஒல்லாந்து தேசத்தின் ஔடவாட்டர் என்ற சிற்றூரில் பிறந்தவர். தகப்பன் முன்னரே இறந்துவிட்டார். 1575 ஆகஸ்ட் மாதத்தில் ஸ்பானியப் படை அந்த ஊருக்குள் புகுந்து கண்டபடி வெட்டியது. தாயும் கூடப்பிறந்தவர்களும் அதில் போய்விட்டார்கள். பையன் அப்போது ஜேர்மனியில் மார்பூர்க் நகரத்தில் படித்துக்கொண்டிருந்தான். செய்தி கேட்டு ஊருக்கு வந்து பார்த்துவிட்டு, திரும்பவும் மார்பூர்க்குக்கு நடந்துபோனான்.

படிப்பதற்காக வேறிடத்தில் இருந்ததால் தப்பியவன்! இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்தேன்.

இந்தப் பையன்தான் பின்னர் கல்வினின் வாரிசுகளிடமே ஜெனீவாவில் படித்து, ஆம்ஸ்ரர்டாமில் போதகராகி, 1603இல் லெய்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, சகபேராசிரியர் கோமாரசோடு மோதியவர். அவர் கேட்டது சுருக்கமாக இதுதான்: யார் இரட்சிக்கப்படுவார், யார் அழிவார் என்பதைக் கடவுள் ஒரு காரணமுமில்லாமல் முதலே தீர்த்துவைத்திருந்தால், பாவத்தின் கர்த்தாவும் அவரே ஆகிவிடமாட்டாரா? ஔடவாட்டரை வைத்துத்தான் இதைக் கேட்டார் என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. ஆனால் ஔடவாட்டரைப் பார்த்த கண்கள்தானே அந்தப் புத்தகங்களையும் படித்தன.

அவர் 1609இல் இறந்தார். அடுத்த வருடம் அவருடைய ஆட்கள் ஐந்து கோரிக்கைகள் எழுதிக்கொடுத்தார்கள். விசுவாசிப்பார்கள் என்று கடவுள் முன்னறிந்தவர்களையே அவர் தெரிந்துகொள்கிறார். கிறிஸ்து இறந்தது எல்லோருக்குமாக. கிருபை இல்லாமல் மனிதனால் நன்மை எதுவும் செய்ய முடியாது. ஆனால் அந்தக் கிருபையை மனிதன் எதிர்த்து நிற்க முடியும். கடைசிவரை நிலைத்திருப்பானா என்பது இன்னும் ஆராயவேண்டியது. மூன்றாவதைக் கவனிக்க வேண்டும். மனிதன் தன்பாட்டில் எழும்பிக் கடவுளிடம் போய்விடுவான் என்று இவர்களும் சொல்லவில்லை. மாஸ்டரின் பனிவண்டி இவர்களிடமும் உண்டு.

இதற்குப் பதில் சொல்லத்தான் 1618 நவம்பரில் டோர்ட்ரெக்ட் நகரத்தில் சங்கம் கூடியது. 1619 மே மாதம்வரை நடந்தது. மனிதன் அடியோடு கெட்டவன். தெரிந்துகொள்ளுதலுக்கு நிபந்தனை இல்லை. கிறிஸ்துவின் மரணம் தெரிந்துகொள்ளப்பட்டவர்களைத்தான் பலனோடு மீட்கும். அந்தக் கிருபையை எவனும் கடைசியில் எதிர்த்து நிற்க முடியாது. தெரிந்துகொள்ளப்பட்டவன் தொலைந்துபோக மாட்டான். இன்று கல்வினின் ஐந்து குறிப்புகள் என்று அண்ணை விரல்மடித்துச் சொல்வது கல்வின் எழுதிய பட்டியல் அல்ல. அவர் இறந்து அரைநூற்றாண்டுக்குப் பிறகு இந்தச் சங்கம் எழுதியது.

தீர்ப்போடு தண்டனையும் வந்தது. ஏறக்குறைய 200 போதகர்கள் வேலையிழந்தார்கள். ஆர்மீனியசின் பக்கத்தை ஆதரித்த அரசியல் தலைவர் ஓல்டன்பார்னவெல்டை, எழுபது தாண்டிய கிழவரை, சங்கம் முடிந்த சில நாட்களில் தலைவெட்டிக் கொன்றார்கள். அதற்குள் அரசியல் வேறு ஆயிரம் இருந்தது. சட்ட அறிஞர் குரோஷியசுக்கு ஆயுட்சிறை. அவர் 1621இல் புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து சிறையிலிருந்து தப்பி, அவரும் அகதியானார்.

*

இந்த ஒல்லாந்துச் சண்டையில் எங்களுக்கு என்ன என்று கேட்கலாம். டோர்ட் முடிந்து 39 வருடத்தில், 1658இல், அதே சபை கப்பலேறி யாழ்ப்பாணத்துக்கு வந்து இறங்கியது. போர்த்துக்கேயரைத் துரத்திவிட்டு வந்த ஒல்லாந்தரோடு பால்டேயஸ் என்ற போதகரும் வந்தார். கத்தோலிக்கரின் கோயில்களும் பள்ளிக்கூடங்களும் சீர்திருத்தச் சபையின் கைக்குப் போயின. கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை. அதனால்தான் 1687இல் கோவாவிலிருந்து வந்த யோசேப் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் யாழ்ப்பாணத்துக்குள் நுழைய வேண்டியிருந்தது.

ஒல்லாந்தர் பிடித்தது தோம்பு. காணிக்கு ஒரு தோம்பு, பள்ளிக்கூடத்துக்கு ஒரு தோம்பு. ஞானஸ்நானமும் கலியாணமும் அதில் பதியப்பட வேண்டும். பதியாதவனுக்கு உத்தியோகமும் இல்லை, முதுசமும் சிக்கல். சனம் என்ன செய்யும்? வரிசையில் நின்று தண்ணீர் தெளிக்கக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டது. டோர்ட் சங்கத்திலேயே கிழக்கிந்தியாவிலிருந்து ஒரு கேள்வி வந்திருந்தது: கிறிஸ்தவர் அல்லாதவரின் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா? முதலில் போதிக்க வேண்டும், பிறகுதான் கொடுக்கலாம் என்பது அங்கு கிடைத்த பதில். யாழ்ப்பாணத்தில் தோம்புதான் முந்திக்கொண்டது.

கடவுள் யாரைத் தெரிந்தெடுக்கிறார் என்பதில் மனிதனுடைய சித்தத்துக்கு ஒரு வேலையும் இல்லை என்று தீர்மானம் எழுதிய சபை, யாழ்ப்பாணத்தானின் சித்தத்தை உத்தியோகத்தாலும் காணியாலும் வளைக்கப் பார்த்தது! 1795இல் ஆங்கிலேயர் வந்து கட்டாயம் போனதும், தோம்பிலிருந்த கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் கலைந்து போனார்கள். 1706இல் கோட்டைக்குள் கட்டிய சிலுவை வடிவமான அவர்களுடைய கோயில்தான் மிஞ்சியது. அதுவும் 1990இல் கோட்டைச் சண்டையோடு போயிற்று. நான் கம்பஸில் படித்த காலத்தில் கோட்டை இராணுவத்தின் கையில். அந்தக் கற்குவியலைத் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன்.

பிறகு வந்தவர்களும் இந்தச் சண்டையின் இரண்டு பக்கத்திலிருந்தும்தான் வந்தார்கள். 1814இல் வெஸ்லியின் மெதடிஸ்தர்கள். வெஸ்லி ஆர்மீனியசின் பக்கம். தன் நண்பர் வைட்பீல்டோடு இதற்காகவே பிரிந்தவர். 1778இல் தொடங்கிய தன் சஞ்சிகைக்கே ஆர்மீனியசின் பெயரை வைத்தவர். 1816இல் அமெரிக்க மிஷன்காரர் வந்தார்கள். அவர்கள் கல்வினின் வழியில் வந்த நியூ இங்கிலாந்துக்காரர். பருத்தித்துறை ஒருவருக்கு, வட்டுக்கோட்டையும் உடுவிலும் மற்றவருக்கு என்று யாழ்ப்பாணம் பங்குபோடப்பட்டது.

எங்கள் அப்பா பகுதி வட்டுக்கோட்டை, அமெரிக்க மிஷன், 1947க்குப் பிறகு தென்னிந்திய திருச்சபை. அம்மா பகுதி பருத்தித்துறை, மெதடிஸ்த சபை. அதாவது எங்கள் வீட்டில் கல்வினும் ஆர்மீனியசும் ஒரே பாயில் படுத்திருக்கிறார்கள். ஒருநாளும் சண்டை வந்ததாக எனக்கு நினைவில்லை. எந்தச் சேர்ச்சின் அறுவடை ஏலத்தில் வாழைக்குலை மலிவு என்பதில்தான் வாக்குவாதம் வரும்.

மாஸ்டரின் கேள்விக்குப் பதில் தேடியபோது, கம்பஸ் நூலகத்தில் பாதி வாசித்து விட்ட ஒரு புத்தகமும் நினைவுக்கு வந்தது. தென்னிந்திய திருச்சபையின் யாழ்ப்பாணப் பேராயராக இருந்த சபாபதி குலேந்திரன் 1964இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல். கிறிஸ்தவத்தில் கிருபை, இந்து சமயத்தில் அருள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. வெளிநாட்டார் சண்டை என்று நாங்கள் நினைப்பது எங்கள் பக்கத்திலும் நடந்திருக்கிறது. வைணவத்தில் வடகலையார், குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பிடித்துக்கொள்வதைக் காட்டினார்கள். தென்கலையார், பூனை தன் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு போவதைக் காட்டினார்கள். மாஸ்டர் குரங்கு, அண்ணை பூனை. (இருவரும் மன்னிக்க.) சைவசித்தாந்தத்தில் மலம் பரிபாகம் அடையும்போது சத்திநிபாதம், அதாவது அருள் பதிதல். அப்படியானால் பரிபாகம் ஆன்மாவின் வேலையா என்று கேட்டால், இல்லை, அதைப் பக்குவப்படுத்துவதும் மறைந்து நின்று வேலைசெய்யும் இறைவனுடைய சத்திதான் என்பார்கள். கேள்வி ஒரு படி பின்னால் போகிறது. முடியவில்லை. பெற்றோல் ஆர் தந்தது என்று அண்ணை கேட்டதும் இதுதான்.

பாட்ஸ்பியோர்ட்டில் 1971இல் கட்டிய சேர்ச் இருக்கிறது. பலிபீடத்துக்குப் பின்னால் பெரிய வர்ணக்கண்ணாடிச் சுவர். இது லூத்தரன் சபை. அவர்களுடைய பதில் எங்கள் இருவருக்கும் பிடிக்காத பதில்: காப்பாற்றப்பட்டவன் முழுக்கக் கடவுளால் காப்பாற்றப்பட்டான்; தொலைந்தவன் தன்னால் தொலைந்தான்; இரண்டையும் கூட்டிக் கணக்குப் பார்க்கக் கூடாது. மெய்யியல் வகுப்பில் இப்படி எழுதினால் சைபர்தான் கிடைக்கும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

*

அன்றிரவு மாஸ்டரை வீட்டில் இறக்கிவிட்ட பிறகு, அண்ணை காரை நிறுத்தாமல் துறைமுகம்வரை ஓட்டிப்போய் நின்றார். கொஞ்சநேரம் பேசவில்லை.

"தம்பி, என்ரை மூத்தவன் வீட்டைவிட்டுப் போய் ஆறு வருசம். ஒஸ்லோவிலை எங்கையோ தூளோடை திரியிறான். நான் பேசிப் பாத்தன், அடிச்சுப் பாத்தன், காலிலை விழுந்தும் பாத்தன். அவன்ரை சித்தத்திலைதான் எல்லாம் கிடக்குதெண்டு மாஸ்டர் சொல்லுறார். அவன்ரை சித்தம் என்னெண்டு எனக்குத் தெரியும். எதிர்க்கேலாத கிருபையெண்டு ஒண்டு இல்லாட்டி என்ரை பொடியன் வரவேமாட்டான்."

செத்தவனைக் கொளுத்துவதற்காக அவர் கல்வினைப் பிடிக்கவில்லை. உயிரோடு இருக்கிற ஒருவனுக்காகப் பிடித்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது.

என்னுடைய கதை இது. நாங்கள் 1995 இடப்பெயர்வில் வன்னிக்குப் போன குடும்பம். அப்பா 2003இல் நெஞ்சுவலியில் இறந்துவிட்டார். 2006 மாசியில், ஏ9 பாதை திறந்திருந்த காலத்தில், உயர்தரம் படிக்க என்னை அம்மா பருத்தித்துறையில் மாமி வீட்டுக்கு அனுப்பினா. இரண்டு பேரை அனுப்பக் காசில்லை. மாமி வீட்டிலும் ஒருவருக்குத்தான் இடம். கிளிநொச்சியில் நான் பஸ் ஏறும்போது தங்கச்சியும் வந்து நின்றாள். தானும் வாறன் என்றாள். "உனக்கு ஓஎல் முடிய" என்றா அம்மா. அவ்வருடம் ஆகஸ்ட் 11இல் முகமாலையில் சண்டை தொடங்கிப் பாதை பூட்டப்பட்டது.

2009 சித்திரையில் மாத்தளனில் செல் விழுந்து தங்கச்சி போனாள். பதினாறு வயது. நான் யாழ்ப்பாணத்தில் கம்பஸில் இருந்தேன். சுயசித்தம் பற்றிய பாடக்குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் கதைக்காகச் சொல்வதாக நினைப்பீர்கள். என்ன எழுதிக்கொண்டிருந்தேன் என்பது நினைவில்லை.

ஆனி மாதத்தில் மெனிக் பாம் முகாமிலிருந்து யாரோ ஒருவரின் ரெலிபோனில் அம்மா கதைத்தா. அழுதுமுடித்த பிறகு சொன்னா: "கர்த்தர் உன்னை முன்னமே வேறுபிரிச்சு வைச்சிட்டார் தம்பி. அவர்தான் உன்னைத் தெரிஞ்செடுத்தவர்."

நான் கேட்டேன்: "அப்ப தங்கச்சியை?"

மறுபக்கத்தில் சத்தம் இல்லை. பிறகு தொடர்பு அறுந்துவிட்டது. காசு முடிந்ததோ, அம்மா வைத்தாவோ தெரியாது. அதன்பிறகு இந்தக் கதையை இருவரும் எடுக்கவில்லை. 2010இல் படிப்பை விட்டேன். 2011இல் இங்கு வந்து சேர்ந்தேன். ஒரே அறையில் இருந்த இரண்டு பேர், ஒரே மாதத்தில், ஏறக்குறைய ஒரே கதையைச் சொல்லி அனுமதி கேட்டோம். எனக்குக் கிடைத்தது. அவனுக்கு மறுப்புக் கடிதம் வந்தது. அவன் என்னைப் பார்த்து, "நீ என்ன சொன்னனி?" என்று கேட்டான். நான் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது முறையும் காரணம் சொல்லமுடியாமல் நின்றேன்.

இந்தத் தையில், செத்தவீடு முடிந்த அடுத்த ஞாயிறு அம்மாவுடன் கதைத்தேன். அவ இப்போது கிளிநொச்சியில். கொலோனேயில் நின்ற கதையையும், மாஸ்டரும் அண்ணையும் சண்டைபிடித்ததையும் பகிடியாகச் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

"அவையள் ஏன் மற்றாக்களின்ரை கணக்கைப் பாக்கினம்?" என்றா. பிறகு, நான் கேட்காமலே: "நான் அண்டைக்கு முகாமிலை இருந்து சொன்னது உன்னைப் பற்றித்தான். அவளைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை."

நான் பேசாமல் இருந்தேன்.

"அவளை அனுப்பாமல் விட்டது நான்" என்றா அம்மா.

பதினைந்து வருடத்துக்கு மேலாக நான் ஒரு தர்க்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒருவனைத் தெரிந்தெடுத்தால் மற்றவளைத் தள்ளியதாகத்தானே அர்த்தம்? கல்வினும் இந்தத் தர்க்கத்துக்குக் கட்டுப்பட்டுத்தான், அழிவுக்கும் முன்குறிக்கப்பட்டவர்கள் உண்டு என்று எழுதினார். அந்தத் தீர்ப்பு பயங்கரமானது என்று அவரே ஒத்துக்கொண்டார். ஆனால் அம்மா கொள்கை சொல்லவில்லை. இரண்டு பிள்ளைகளில் ஒன்றை பஸ்சில் ஏற்றிய ஒரு தாய், அந்தத் தெரிவைத் தன் கையில் வைத்திருக்க முடியாமல், கடவுளின் கையில் வைத்தா. நான் அதைத் தட்டிவிட்டு, திரும்பவும் அவவின் கையிலேயே கொடுத்திருக்கிறேன்.

"நீங்கள் இல்லை அம்மா. பாதையைப் பூட்டினது நீங்கள் இல்லை. செல் அடிச்சது நீங்கள் இல்லை."

"எனக்குத் தெரியும் தம்பி. எண்டாலும்."

இதை எழுதும்போது எனக்கு ஓரளவு தெளிவாக இருப்பது ஒன்றுதான். அம்மாவுக்குக் கல்வின் வேண்டும். ஒரு சுதந்திரமும் இல்லாத இடத்தில் தெரிவுசெய்ய வைக்கப்பட்டவர்களிடம் போய் எல்லாம் உன் சித்தம்தான் என்று சொல்வது கொடுமை. ஆனால் செல் அடித்தவர்களுக்கும், சனத்தை வெளியே போகவிடாமல் மறித்து வைத்தவர்களுக்கும் ஆர்மீனியஸ்தான் வேண்டும். அவர்களிடம் போய், எல்லாம் முன்குறிக்கப்பட்டது, நடக்கவேண்டியது நடந்தது என்று சொல்ல நான் தயாரில்லை. அவர்களால் செய்யாமல் விட்டிருக்க முடியும். செய்தது அவர்கள். ஔடவாட்டரின் அனாதை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றதும் இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். இந்த இரண்டையும் இடம்மாற்றி வைக்கும்போதுதான் வேதம் விஷமாகிறது. எங்களுடைய கூட்டங்களில், சமயக் கூட்டமானாலும் அரசியல் கூட்டமானாலும், அநேகமாக இடம்மாற்றித்தான் வைக்கிறார்கள். பலியானவர்களிடம் நீங்கள் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். செய்தவர்களுக்கு வரலாற்றின் நியதி என்கிறார்கள்.

இது இறையியலாளருக்குத் திருப்தியான பதில் அல்ல என்பது தெரியும். இரண்டு பக்கமும் கால்வைப்பதாக அண்ணை சொல்வார். லூத்தரன்காரர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டீர் என்று மாஸ்டர் சொல்வார். சொல்லட்டும்.

அம்மா கடைசியாகக் கேட்டா: "உங்கை இன்னும் இருட்டோ?"

"மத்தியானத்திலை கொஞ்சம் நீலமா வருது. இன்னும் ஒரு கிழமையிலை சூரியன் தெரியும்."

"மாஸ்டரையும் அந்தத் தம்பியையும் கோவிக்க வேண்டாமெண்டு சொல்லு. செத்த மனுசனுக்காண்டி ரெண்டு பேரும் சேந்து ஒருக்கால் செபம்பண்ணச் சொல்லு."

சொன்னேன். பண்ணினார்கள். மாஸ்டர் வீட்டில், அடுத்த வெள்ளிக்கிழமை. நான் வேலை முடிந்து போகப் பிந்திவிட்டது. போனபோது இருவரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு, திரும்பவும் ரோமர் ஒன்பதாம் அதிகாரத்தில் நின்றார்கள்.